குண்டுவெடிப்புக்குப் பின் வந்த நோன்பு: 2019இல் கஞ்சிப் பானை ஏறிய வீடுகளில் நடந்தது என்ன?

நோன்பு மாதம் பிறந்து விட்டால் காத்தான்குடி கடைத்தெரு தூங்காது. தராவீஹ் தொழுகை முடிந்து சனம் வெளியே வந்ததும் புடைவைக்கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. பிள்ளைகளுக்குச் சட்டை, வாப்பாவுக்குச் சாரம், உம்மாவுக்குச் சேலை என்று பேரம் நடக்கும். வளையல் கடையில் ஒரு கூட்டம், பெட்டீஸ் கடையில் ஒரு கூட்டம் என்று தெரு களைகட்டும்.

2019ஆம் ஆண்டு அது எதுவும் இல்லை. சனம் நேரத்தோடு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்டது.

அந்த வருஷம் நோன்பு வந்தது மே மாதம் முதல் வாரம். அதற்கு இரண்டு வாரம் முன்னர்தான், ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, நாடே அழுதது. நாட்டோடு சேர்ந்து அழுத முஸ்லிம் வீடுகளுக்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போனது? கஞ்சி காய்ச்சினார்களா? பள்ளிக்குப் போனார்களா? பெருநாள் எடுத்தார்களா? சம்பவங்களை வரிசையாகப் பார்த்தால்தான் விளங்கும்.

அந்த ஞாயிறு

ஏப்ரல் 21 காலை. கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று இடங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. கொழும்பில் ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய பெரிய ஹோட்டல்களும் தப்பவில்லை.

260க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 500 பேர் வரை காயம். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூறு உயிருக்கு மேல் போனது. மட்டக்களப்பு சீயோனில் பலியானவர்களில் 14 பேர் சின்னப் பிள்ளைகள். ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் என்பதைக் கேட்டவர்கள் நெஞ்சில் அடித்துக் கொண்டு அழுதார்கள்.

ஏப்ரல் 23 தேசிய துக்க தினம். காலை 8.30 மணிக்கு நாடு முழுக்க மூன்று நிமிடம் மௌன அஞ்சலி. கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. நீர்கொழும்பு வீதிகளில் வெள்ளைக்கொடி. ஒரே நாளில் பல பெட்டிகள் குழிக்குள் இறக்கப்பட்டன.

தாக்குதலை நடத்தியவர்களுக்குத் தலைமை தாங்கியவன் சஹ்ரான் ஹாஷிம். காத்தான்குடிக்காரன். அந்தச் செய்தி வந்த நிமிடத்திலிருந்து முஸ்லிம்கள் பாடு இரட்டைப் பாடு ஆனது. ஒரு பக்கம் துக்கம். மறுபக்கம் ‘நம்மை என்ன நினைக்கிறார்களோ’ என்ற பயம்.

சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் யார்?

இது பலருக்கும் தெரியாத விஷயம். 2017 மார்ச் மாதம் காத்தான்குடியில் சஹ்ரான் ஆட்களுக்கும் சூபி வழி முஸ்லிம்களுக்கும் இடையே கைகலப்பு ஆனது. வாள் எடுத்து வந்தார்கள். ஊர்ச் சனம் பொலிஸில் முறையிட்டது. அவனைப் பிடிக்கச் சொல்லி வீதிக்கும் இறங்கியது. அவன் ஊரை விட்டுத் தலைமறைவானான். பிடிபடவே இல்லை.

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் புதுமுகங்கள் இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். படையினர் சுற்றி வளைத்ததும் உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். பிள்ளைகள் 6 பேர் உட்பட 15 பேர் செத்தார்கள்.

குண்டு வைத்தவர்களின் உடலை முஸ்லிம்கள் பொறுப்பெடுக்க மாட்டார்கள் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஒரு முஸ்லிமுக்கு ஜனாஸா மறுப்பது என்பது சின்ன விஷயம் அல்ல. முன்பின் தெரியாத ஆள் செத்தாலும் குளிப்பாட்டிக் கபன் இட்டு அடக்கம் செய்வது ஊரின் கடமை. அந்தக் கடமையையே செய்ய மாட்டோம் என்று சொன்னார்கள் என்றால் கோபம் எவ்வளவு என்று பார்த்துக் கொள்ளலாம்.

நோன்பு நாளின் கணக்கு

நோன்பு என்றால் பகலில் பட்டினி என்று மட்டும் வெளியே உள்ளவர்கள் நினைக்கிறார்கள். அது ஒரு நாளின் கணக்கையே மாற்றுகிற விஷயம். அதிகாலை மூன்று, மூன்றரைக்கு எழுந்து சஹர் சாப்பாடு. மாலை ஆறரை மணி வாக்கில் நோன்பு திறப்பு. பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளியில் காய்ச்சிய கஞ்சி. அரிசி, தேங்காய்ப்பால், பூண்டு, ரம்பை போட்டு, வசதி இருந்தால் இறைச்சியும் சேர்த்துப் பெரிய கிடாரத்தில் காய்ச்சுவார்கள். பின்னேரம் ஆனால் பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்கும். அதிலிருந்து ஒரு கோப்பை பக்கத்து வீட்டுத் தமிழருக்கும் போகும், சிங்களவருக்கும் போகும்.

இரவு இஷா தொழுகை. பிறகு தராவீஹ். அதன் பிறகுதான் கடைத்தெரு. ஆக, நோன்பு மாதத்தின் வாழ்க்கை பாதிக்கு மேல் இருட்டில்தான் ஓடும்.

அந்த வருஷம் இருட்டுத்தான் பிரச்சினையாகி விட்டது. தாக்குதல் நடந்த அடுத்த நாள் நள்ளிரவு முதல் அவசரகாலச் சட்டம். அடிக்கடி ஊரடங்கு. வீடு வீடாகச் சோதனை. வாட்ஸ்அப், பேஸ்புக் பல தடவை முடக்கப்பட்டன. வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்கு ‘நாங்க நல்லா இருக்கம்’ என்று ஒரு சேதி அனுப்பக்கூட வழி இல்லாமல் தாய்மார் தவித்தார்கள்.

தாக்குதலுக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமையே வீட்டில் இருந்து தொழுங்கள் என்று அரசு கேட்டுக் கொண்டது. பல பள்ளிவாசல்கள் அன்று மூடிக் கிடந்தன. அந்த ஞாயிறு தேவாலயங்களும் மூடியே கிடந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை செய்தார். கத்தோலிக்கர்கள் அதை டிவியில் பார்த்தார்கள். கொழும்புப் பக்கம் ஞாயிறு பூசை மீண்டும் தொடங்கியது மே 12ஆம் திகதிதான். பள்ளியும் இல்லை, கோயிலும் இல்லை. இரண்டு சமயத்தாரும் வீட்டில் இருந்தே கும்பிட வேண்டிய நிலை.

பிள்ளைகளின் பாடசாலை மே 6ஆம் திகதி மேல் வகுப்புகளுக்குத் திறந்தது. வகுப்பறையில் பாதிக் கதிரைகூட நிரம்பவில்லை. வாசலில் புத்தகப்பை சோதனை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை கடைகளுக்கு வந்தது. பெற்றோர்கள் அதைத் தேடி அலைந்தார்கள்.

மே 13 மாலை

நோன்பு தொடங்கி ஒரு வாரம். மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் இங்கிலீஷில் எழுதிய ஒரு வரியைத் தப்பாக விளங்கிக் கொண்டு கலவரம் கிளம்பியது. அது மிரட்டல் என்று ஊர் முழுக்கப் பரவியது. கல் பறந்தது. கடைக்காரர் கைதானார்.

அடுத்த நாள் மே 13. குளியாப்பிட்டி, பிங்கிரிய, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று நெருப்பு பரவியது. கடை, வீடு, பள்ளிவாசல், வாகனம் எல்லாம் சேதம். நாத்தாண்டிய அருகே கொட்டாரமுல்லையில் 45 வயதுத் தச்சுத் தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். காலையில் எழும்பி மரம் அறுத்து அன்றாடம் உழைத்துச் சாப்பிட்ட மனுசன். குண்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அன்று இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரை நாடு முழுக்க ஊரடங்கு. இதை நோன்புக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் தராவீஹைச் சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் தொழ வேண்டும். சஹருக்குப் பாண் வாங்கக் கடை இல்லை. கலவரம் நடந்த வடமேல் மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். நோன்பு திறக்கிற நேரத்தில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் கொண்டு வீட்டைப் பூட்டி வயல் பக்கம், காட்டுப் பக்கம் ஓடினார்கள். பிள்ளைகள் அழுதால் சத்தம் கேட்கும் என்று வாயைப் பொத்தினார்கள்.

உடுப்பிலும் சந்தேகம்

ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடத் தடை. சட்டம் சொன்னது முகத்தை மட்டும்தான். ஆனால் பஸ்ஸிலும், ஆஸ்பத்திரியிலும், அலுவலகத்திலும் தலையை மூடிய பெண்களையும் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹபாயாவைக் கழற்றச் சொன்ன இடங்களும் உண்டு.

ஹசலக்க என்ற ஊரில் ஒரு பெண் உடுத்தியிருந்த உடுப்பில் தர்மச்சக்கரம் இருக்கிறது என்று சொல்லிக் கைது செய்தார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரம் என்பது பிறகுதான் பேசப்பட்டது. நோன்பு மாதத்தின் நாட்களை அந்தப் பெண் சிறையில் கழித்தார்.

குருநாகலில் முஸ்லிம் டாக்டர் ஒருவர் சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று மே 23ஆம் திகதி ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. அடுத்த நாளே அவர் கைதானார். நாடு கொதித்தது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் பிணை கிடைத்தது. ஆனால் செய்தி பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை. வதந்தியின் குணமே அதுதான்.

கல்லாவில் விழுந்த அடி

நோன்புப் பெருநாள் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த அடியின் கனம் புரியும். புடைவைக்கடைக்காரர் இரண்டு மாதம் முன்னரே மொத்த வியாபாரியிடம் சாமான் எடுப்பார். கையில் காசு இருக்காது. பின் திகதி போட்ட செக் கொடுப்பார். பெருநாள் விற்பனையில் வருகிற காசைப் போட்டுத்தான் அந்த செக் மாறும். வருஷத்தின் லாபம் அந்த ஒரு மாதத்தில்தான்.

குண்டு வெடித்தபோது சாமான் எல்லாம் வந்து இறங்கி விட்டது. நோன்பு வந்தபோது வாங்க ஆள் இல்லை. முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று ஒரு பக்கம் நோட்டீஸ். தங்கொட்டுவை வாரச் சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரக்கூடாது என்று உள்ளூராட்சித் தலைவர் ஒருவர் கடிதமே கொடுத்தார். நீதவான் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது.

பக்கத்தில் முஸ்லிம் வீடுகளிலும் ‘இந்த வருஷம் புது உடுப்பு வேணாம்’ என்ற பேச்சு. செத்த வீடு பக்கத்தில் இருக்க நாம் புதுசு உடுத்துவதா என்ற எண்ணம் ஒன்று. கையில் காசு இல்லை என்பது இன்னொன்று.

அடி முஸ்லிம் முதலாளிக்கு மட்டும் விழவில்லை. அந்தக் கடையில் வேலை செய்த சிங்களப் பிள்ளைக்கும், தமிழ்ப் பிள்ளைக்கும் சம்பளம் இல்லை. சாமான் ஏற்றிய லொறிக்காரருக்குக் கூலி இல்லை. மருதமுனையில் சாரம் நெய்த தறிக்காரருக்கு ஓடர் இல்லை. இரவிரவாகத் தைக்கிற தையற்காரரின் மெஷின் சும்மா கிடந்தது.

உல்லாசப் பயணிகள் வரவும் 2019 மே மாதத்தில் முந்திய வருஷத்தை விட 70 சதவீதம் அளவுக்கு விழுந்தது. ஹோட்டலில் கோப்பை கழுவியவர், கடற்கரையில் குரும்பை விற்றவர், ஆட்டோ ஓட்டியவர் எல்லோருக்கும் ஒரே நிலைமை. குண்டு எந்த மதம் என்று பார்த்து வயிற்றில் அடிக்கவில்லை.

மே 18, 19ஆம் திகதிகளில் வந்த வெசாக்கும் களைகட்டவில்லை. வழமையான பந்தல் வெளிச்சமும் தன்சல் கூட்டமும் குறைந்தே இருந்தது.

இரக்கத்துக்கு இடம் இருந்ததா?

இருந்தது. மே 5ஆம் திகதி நீர்கொழும்புப் பக்கம் முஸ்லிம் வீடுகள், கடைகள் தாக்கப்பட்டன. அதிகமாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது. அங்கே கோபம் வந்தால் ஆச்சரியம் இல்லை. ஆனால் கர்தினால் மல்கம் ரஞ்சித் உடனே டிவியில் வந்தார். முஸ்லிம்கள் நம் சகோதரர்கள், ஒருவர் மீதும் கை வைக்கக் கூடாது என்று தன் மக்களைக் கேட்டுக் கொண்டார். அந்தப் பக்கம் சாராயக்கடைகளை மூடச் சொன்னார். தாக்கப்பட்ட முஸ்லிம்களைப் போய்ப் பார்த்தார். நூற்றுக்கணக்கான சவப்பெட்டிகளுக்கு முன்னால் நின்றவர் அப்படிச் சொன்னது பல உயிர்களைக் காப்பாற்றியது என்று முஸ்லிம்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் ஆயிரம் பேருக்கு மேல் பயத்தில் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் அஹ்மதியா முஸ்லிம்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். சொந்த நாட்டில் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் அவர்கள். பள்ளிவாசலிலும், பொலிஸ் நிலைய வாகனக் கொட்டகையிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். நோன்பும் அங்கேதான்.

கெக்கிராவ அருகே மடாட்டுகமவில் தடை செய்யப்பட்ட தேசிய தவ்ஹீத் ஜமாஅத் ஆட்கள் புழங்கிய பள்ளிவாசல் ஒன்று இருந்தது. மே மாதக் கடைசியில், நோன்பு நேரத்தில், அந்த ஊர் முஸ்லிம்களே சுத்தியலும் அலவாங்கும் எடுத்து அந்தக் கட்டடத்தை உடைத்தார்கள். தொழுத இடத்தைத் தன் கையால் இடிப்பது எந்த முஸ்லிமுக்கும் லேசான காரியம் இல்லை. அக்கம்பக்கத்துச் சிங்களவர்களின் சந்தேகம் தீர வேண்டும், பிள்ளைகள் நிம்மதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவர்களின் கணக்கு.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்

மே 31ஆம் திகதி அத்துரலிய ரத்தன தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்தார். ஒரு முஸ்லிம் அமைச்சரையும் இரண்டு முஸ்லிம் ஆளுநர்களையும் நீக்க வேண்டும் என்பது அவரின் கோரிக்கை. கண்டியில் கடைகள் பூட்டப்பட்டன. எங்கே மீண்டும் கலவரம் கிளம்புமோ என்ற பயம்.

ஜூன் 3ஆம் திகதி மேல் மாகாண, கிழக்கு மாகாண ஆளுநர்கள் பதவி விலகினார்கள். அன்றே அரசில் இருந்த ஒன்பது முஸ்லிம் அமைச்சர்களும் ஒன்றாகப் பதவி விலகினார்கள். குற்றம் இருந்தால் விசாரியுங்கள், சமூகத்தைத் தண்டிக்காதீர்கள் என்பது அவர்களின் நிலைப்பாடு.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 5ஆம் திகதி புதன்கிழமை, நோன்புப் பெருநாள். எளிமையாகக் கொண்டாடச் சொல்லி சமயத் தலைவர்கள் கேட்டுக் கொண்டார்கள். பள்ளி வாசலில் படையினர் காவல் நிற்கத் தொழுகை நடந்தது. வெடி இல்லை, ஊர்சுற்றல் இல்லை.

ஆனால் ஃபித்ரா அரிசி மட்டும் நிற்கவில்லை. பெருநாள் தொழுகைக்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் சுமார் இரண்டரை கிலோ அரிசி ஏழைக்குக் கொடுக்க வேண்டும் என்பது கடமை. கொடுக்கிறவர் கை அந்த வருஷம் இறுகி இருந்தது. வாங்க வந்தவர் வரிசை நீளமாக இருந்தது. போன வருஷம் கொடுத்தவர்களில் சிலரும் அந்த வரிசையில் நின்றார்கள். வட்டிலப்பம் அவித்த வீடுகளில் முதல் கிண்ணம் வழமை போல அடுத்த வீட்டுக்குப் போனது. சில கதவு திறந்தது. சில கதவு திறக்கவில்லை.

பிட்டும் தேங்காய்ப்பூவும்

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்வார்கள். குழலில் ஒரு பிடி மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ என்று அடுத்தடுத்து ஊர்கள். இடையில் எத்தனையோ கசப்பும் நடந்திருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்பது குற்றச்சாட்டு. தொழுகிற இடத்தில் பிணம் விழுந்தால் எப்படி இருக்கும் என்பது காத்தான்குடிக்குத் தெரியும். அதனால்தான் சீயோன் தேவாலயச் செய்தி கேட்டு அந்த ஊர் கூனிக் குறுகியது.

2019 ஜூன் 12இல் கொச்சிக்கடை தேவாலயம் மீண்டும் திறந்தது. ஜூலை 21இல் கட்டுவாப்பிட்டி தேவாலயம் திறந்தது. ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் முடிவுக்கு வந்தது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிடமிருந்து எச்சரிக்கை வந்தும் ஆட்சியில் இருந்தவர்கள் தடுக்கவில்லை என்பது வழக்கானது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், பாதுகாப்பு, புலனாய்வு அதிகாரிகள் நால்வரும் நட்டஈடு கட்ட உத்தரவானது.

இன்னொரு விஷயமும் உண்டு. முஸ்லிம்களின் மாதம் பிறைக் கணக்கில் ஓடுவது. வருஷத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே வரும். அதனால் 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷமும் ஏப்ரல் 21 நோன்பு மாதத்துக்குள்ளேயே விழுந்தது. காலையில் கட்டுவாப்பிட்டியில் மணி அடித்து மெழுகுதிரி ஏற்றிய அதே நாளில் முஸ்லிம் வீடுகளில் நோன்பு. 2023இல் ஏப்ரல் 21 அன்று நினைவு தினம், அடுத்த நாள் பெருநாள்.

அந்தப் பெருநாளுக்குக் காத்தான்குடி கடைத்தெருவில் மறுபடியும் வெளிச்சம் இருந்தது. சீயோன் தேவாலயத்தில் 14 பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்த நாளும் அப்படியேதான் இருந்தது.